கரியாவதற்கு முன்

குளிர்காலத்தில் கடைகளில் தொங்கும் அக்ரிலிக் ஸ்வெட்டரும் போயிங் 787 விமானத்தின் இறக்கையும் ஒரே பாலிமரில் பிறந்தவை. அதன் பெயர் பாலிஅக்ரிலோநைட்ரைல். ஆலைகளிலும் ஆய்வகங்களிலும் சுருக்கமாக 'பான்' என்பார்கள். ஸ்வெட்டரில் அது நூலாகவே இருந்துவிடுகிறது. இறக்கைக்குப் போகும் பானோ பல உலைகளைக் கடந்து, எடையில் பாதியை வாயுவாக இழந்து, ஏறத்தாழ முழுவதும் கார்பனாகவே மாறி, பிசினில் தோய்ந்து, அடுக்கடுக்காகப் படிந்து இறுகுகிறது.

கார்பன் இழையின் புகழ் எல்லாம் அதன் வலிமையைப் பற்றியது. வீடு கட்ட வாங்கும் 500 ரக டிஎம்டி கம்பி, ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுக்கு சுமார் 50 கிலோ எடையை நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும். ஜப்பானின் டோரே நிறுவனம் விற்கும் டி300 என்ற கார்பன் இழை அதே பரப்புக்கு 350 கிலோ வரை அறுந்துபோகாமல் தாங்குகிறது. அதே நிறுவனத்தின் டி1100 ரகம் 700 கிலோ தாங்குகிறது. இழையின் அடர்த்தியோ எஃகினுடையதில் கால்வாசிகூட இல்லை.

டி300, டி1100 இரண்டுக்கும் மூலம் பான்தான். உலைகளின் வரிசையும் பொதுவில் ஒன்றுதான். ஒன்று மற்றதைவிட இரு மடங்கு வலிமை பெற்றதற்கான காரணங்களைத் தேடினால், பெரும்பாலும் உலை வாசலுக்கு முந்திய கட்டத்துக்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. வெள்ளை நூலாக இருந்தபோது அதில் பாலிமர் எப்படிக் கோத்திருந்தது, எத்தனை தூசு கலந்தது, எவ்வளவு இழுக்கப்பட்டது என்பதெல்லாம் கறுப்பு இழைக்குள் அப்படியே போய்ச் சேருகின்றன. உலை புதிய குறைகளைச் சேர்க்கலாம். பழைய குறைகளை அழிக்காது. கார்பன் இழையின் வரலாறு, சொல்லப்போனால், நல்ல மூல இழையைத் தேடிய வரலாறு.

1958இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பார்மா என்ற ஊரில் இருந்த யூனியன் கார்பைடு ஆய்வகத்தில், ரோஜர் பேகன் என்ற இளம் இயற்பியலாளர் உயர் அழுத்தத்தில் மின்வில்லை எரியவிட்டு கார்பனை ஆராய்ந்துகொண்டிருந்தார். படிந்த கட்டிக்குள் தலைமுடியைவிட மெல்லிய கிராஃபைட் இழைகள் கிடைத்தன. அவற்றின் இழுவலிமை 20 கிகாபாஸ்கல். மேலே சொன்ன கணக்கில், சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரம் கிலோ. இதை எடை போட்டு விற்றால் ஒரு பவுண்டுக்கு ஒரு கோடி டாலர் ஆகியிருக்கும் என்று பேகன் பின்னாளில் சொன்னார். ஆனால் எவ்வளவு வலிமை சாத்தியம் என்பது தெரிந்துவிட்டது. அதைக் கிலோக்கணக்கில், மைல்கணக்கான நீளத்தில் செய்ய ஒரு மலிவான நூல் தேவைப்பட்டது.

யூனியன் கார்பைடு முதலில் எடுத்தது ரேயான். மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து வரும் துணிநூல் அது. செல்லுலோஸில் எடையில் பாதிக்குமேல் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இருப்பதால், சூடாக்கும்போது பெரும்பகுதி நீராவியாகவும் கார்பன் ஆக்சைடுகளாகவும் போய்விடும். நூறு கிலோ ரேயானில் கிடைப்பது இருபது, இருபத்தைந்து கிலோ இழைதான். சங்கிலி உடைந்து அணுக்கள் தாறுமாறாகக் கிடப்பதால், 2,500 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இழுத்து நீட்டித்தான் அவற்றை வரிசைப்படுத்த முடிந்தது. அவ்வளவு சூட்டில் ஓர் இழையை அறுந்துபோகாமல் இழுப்பதற்கு ஆன செலவு ரேயானை வணிகப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் குணத்தால், ராக்கெட் முனைகளின் தீக்காப்பில் மட்டும் அதற்கு இடம் நிலைத்தது.

ஜப்பானில் கதை வேறு விதமாகப் போனது. ஒசாகா அரசுத் தொழில் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அகியோ ஷிண்டோ, அமெரிக்காவில் கார்பன் இழை செய்கிறார்கள் என்ற செய்தியை 1959இல் நாளிதழில் படித்தார். பல நூல்களைச் சுட்டுப் பார்த்தார். அதில் அக்ரிலிக் நூல் அவர் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக நடந்துகொண்டது. அவர் செய்த இழையின் விறைப்பு, அதாவது இழுக்கும்போது நீளாமல் எதிர்க்கும் குணம், சுமார் 140 கிகாபாஸ்கல். அன்றைய ரேயான் இழையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இத்தனைக்கும் அந்த அதீதச் சூட்டு இழுப்பு இதற்குத் தேவைப்படவில்லை.

ஏன் பான் இப்படி நடந்துகொள்கிறது?

பானின் சங்கிலியில் முதுகெலும்பு முழுவதும் கார்பன் அணுக்கள். ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் நைட்ரைல் என்ற கிளை தொங்குகிறது: மூன்று பிணைப்புகளால் சேர்ந்த ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும். காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை மெல்லச் சூடாக்கினால் இந்தக் கிளைகள் அடுத்தடுத்துத் திறந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அறுகோண வளையங்கள் வரிசையாக உருவாகி, ஒற்றைச் சங்கிலி ஏணியாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ஹைட்ரஜனைப் பறித்து அந்த ஏணியை இறுக்குகிறது. வெள்ளை நூல் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கிறது. ஏணியாகிவிட்ட இழை அதன்பிறகு எவ்வளவு சூட்டிலும் உருகாது. இதற்கு நிலைப்படுத்தல் என்று பெயர். அதன்பின் ஆக்சிஜனே இல்லாத நைட்ரஜன் சூழலில் 1,000 முதல் 1,500 டிகிரி வரை சூடாக்குவார்கள். ஏணிகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு கிராஃபைட்டை ஒத்த தாள்களாக விரிகின்றன. நைட்ரஜனும், நீராவியும், கொடிய நச்சான ஹைட்ரஜன் சயனைடும் வெளியேறுகின்றன. பானில் 68 சதவீதம் கார்பன். கடைசியில் இழையாகத் தேறுவது அதன் எடையில் ஏறத்தாழ பாதி.

இதில் ஆபத்தான கட்டம் நிலைப்படுத்தல்தான். வளையங்கள் மூடும்போது வெப்பம் வெளிப்படுகிறது. தூய பானில் அது குறுகிய வெப்ப எல்லைக்குள், ஒரே மூச்சில் வெளிப்படும். அந்தச் சூடு மேலும் வளையங்களைத் தூண்ட, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், சில நேரம் தீப்பற்றும். இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, அழகானதும்கூட. பாலிமரைச் செய்யும்போதே அக்ரிலோநைட்ரைலோடு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு இட்டகோனிக் அமிலத்தைச் சேர்த்துவிடுவது. சங்கிலியில் ஆங்காங்கே அமர்ந்திருக்கும் அமிலக் குழு பக்கத்து நைட்ரைலைக் குறைந்த வெப்பத்திலேயே திறந்துவிடுகிறது. வினை முன்கூட்டியே தொடங்கி, நிதானமாக, நீண்ட வெப்ப எல்லையில் பரவுகிறது. அஸ்பர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்ற பூஞ்சை சர்க்கரையை நொதிக்கவைத்துத் தரும் அமிலம் இது. விமான இறக்கைக்குப் பின்னால் ஒரு பூஞ்சையின் உழைப்பும் இருக்கிறது.

இன்னொரு துணைப்பொருள் மெத்தில் அக்ரிலேட். நைட்ரைல் குழுக்கள் ஒன்றையொன்று வலுவாக ஈர்ப்பதால் பான் சங்கிலிகள் எளிதில் நகராது. மெத்தில் அக்ரிலேட் இடையில் புகுந்து அந்தப் பிடியைச் சற்றுத் தளர்த்தும். நூலை நீட்டி இழுக்க முடியும். அதிகம் சேர்த்தால் கரியாகும் பங்கு குறையும், ஏணியும் இடையிடையே அறுபடும். எவ்வளவு சேர்ப்பது, எந்த வரிசையில் சேர்ப்பது என்பது ஒவ்வொரு நிறுவனமும் வெளியே சொல்லாத சமையல் குறிப்பு.

வரலாற்றின் அடுத்த அத்தியாயம் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் நடந்தது. 1960களின் முற்பாதியில் அங்கிருந்த அரச விமானவியல் நிலையத்தில் வில்லியம் வாட், லெஸ்லி பிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டறிந்தார்கள். நிலைப்படுத்தும்போது பான் சுருங்கப் பார்க்கும். சுருங்க விட்டால், நூற்கும்போது பாடுபட்டு நேராக்கிய சங்கிலிகள் மறுபடி சுருண்டுவிடும். இழையைச் சட்டத்தில் கட்டி, சுருங்கவிடாமல் சூடாக்கினார்கள். நேர்வரிசை அப்படியே நிலைத்தது. விறைப்பு தாவி ஏறியது.

இந்த முறைக்கு உரிமம் பெற்ற நிறுவனங்களில் கோர்ட்டால்ட்ஸும் ரோல்ஸ் ராய்ஸும் இருந்தன. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 இன்ஜினின் முன்விசிறி அலகுகளைக் கார்பன் இழையில் செய்ய முயன்றது. பறவை மோதல் சோதனையில் அவை நொறுங்கின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த இன்ஜின் திட்டத்தின் செலவுச் சுமையில் நிறுவனம் 1971 பிப்ரவரியில் திவாலானது. கோர்ட்டால்ட்ஸின் சிக்கல் வேறு வகை. மூல இழை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அது நல்ல சான்று. ஸ்வெட்டர் நூலுக்காகக் கட்டிய அதன் ஆலையில் பானை சோடியம் தயோசயனேட் உப்புநீரில் கரைத்து நூற்றார்கள். துணிக்கு அது போதும். கார்பன் இழைக்கு, கழுவிய பிறகும் தங்கிவிடும் உப்பின் மிச்சமே பகையானது. கரிமக் கரைப்பான் பயன்படுத்தியவர்களைத் தொடாத மாசுகள் கோர்ட்டால்ட்ஸை விடாமல் துரத்தின. அது 1991இல் கார்பன் இழைத் தொழிலிலிருந்தே விலகியது.

டோரே ஷிண்டோவின் காப்புரிமைக்கு உரிமம் வாங்கி, தனக்கென்று ஒரு பான் மூல இழையை வடிவமைத்தது. 1970இல் யூனியன் கார்பைடோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது: டோரேயின் மூல இழை நுட்பம் அமெரிக்கர்களுக்கு, அமெரிக்கர்களின் கரியாக்க நுட்பம் டோரேவுக்கு. கார்பன் இழையைக் கண்டுபிடித்த நிறுவனமே நல்ல வெள்ளை நூலுக்காகத் தன் உலை ரகசியத்தைக் கொடுத்தது. இந்தத் துறையில் யாரிடம் எது இருந்தால் மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை.

வலிமை எதனால் குறைகிறது என்ற கேள்விக்கு விடையும் ஃபார்ன்பரோவிலேயே, அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1920 வாக்கில் அங்கே கண்ணாடி இழைகளை முறித்துப் பார்த்த கிரிஃபித், உடையும் தன்மையுள்ள பொருளின் வலிமையை அதிலுள்ள ஆகப் பெரிய விரிசலே தீர்மானிக்கிறது என்று காட்டினார். விரிசலின் நீளத்தைப் பாதியாக்கினால் வலிமை 40 சதவீதம் கூடும். கார்பன் இழையின் தடிமன் ஐந்திலிருந்து ஏழு மைக்ரோமீட்டர். அதில் ஒரு மைக்ரோமீட்டர் தூசுகூட பெரும் பள்ளம். இதே வாட், மோர்ட்டன் என்பவரோடு சேர்ந்து, அறுவை அரங்கைவிடத் தூய்மையான அறையில், வடிகட்டிய கரைசலில் பானை நூற்றுப் பார்த்தார். உலையில் எதையும் மாற்றவில்லை. தூசில்லாத நூல் தந்த கார்பன் இழை கணிசமாக வலுவடைந்திருந்தது. அந்த ஆய்வு 1974இல் வெளிவந்தது.

தூசு வெளியிலிருந்து வருவது. வெற்றிடம் நூலுக்குள்ளேயே பிறப்பது. பான் உருகுவதற்கு முன்பே சிதையத் தொடங்குவதால், அதைக் கரைப்பானில் கரைத்துத்தான் நூற்க முடியும். தேன்பதக் கரைசலை ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ள தகட்டின் வழியே, இடியாப்பம் பிழிவதுபோல, ஒரு தொட்டிக்குள் பிழிவார்கள். தொட்டி நீர் கரைப்பானை உறிஞ்ச, பான் உறைந்து நூலாகும். நீர் வேகமாக உள்ளே பாய்ந்தால் நூலின் மேல்தோல் முதலில் இறுகிவிடும்; உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேறிய இடமெல்லாம் குழிகளாகும். அதனால்தான் தொட்டியின் குளிர்ச்சி, அதில் கரைப்பானின் விகிதம், நூலை இழுக்கும் வேகம் எல்லாவற்றையும் அவ்வளவு கவனமாகக் கட்டுப்படுத்துகிறார்கள். துளைத் தகட்டை நீருக்குச் சற்று மேலே உயர்த்தி, பிழிந்த நூல் கொஞ்சம் காற்றைக் கடந்து நீரில் விழும்படி செய்ததும் ஒரு பெரிய முன்னேற்றம். காற்றிடைவெளியில் நூல் நீண்டுகொள்கிறது, மேற்பரப்பும் வழவழப்பாகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சதீஷ் குமார் தலைமையிலான குழு இன்னொரு வழியில் போனது. நீண்ட பான் சங்கிலிகள் கரைசலில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பின்னல் அதிகமிருந்தால் இழுக்கும்போது நேராகாது. சங்கிலியின் நுனிகள் ஒவ்வொன்றும் ஒரு குறை என்பதால், குட்டைச் சங்கிலிகளும் உதவாது. மிக நீண்ட சங்கிலிகளை நீர்த்த கரைசலாக்கி, மிகக் குளிர்ந்த தொட்டியில் பிழிந்தால், கரைப்பான் வெளியேறுவதற்கு முன்பே நூல் முழுவதும் ஒரே சீராகக் கூழ்மமாக உறைகிறது. பின்னல்கள் குறைந்த அந்தக் கூழ்ம நூலைப் பல மடங்கு நீட்ட முடிகிறது. 2015இல் அவர்கள் வெளியிட்ட இழையின் வலிமை 5.5 முதல் 5.8 கிகாபாஸ்கல், விறைப்பு 354 முதல் 375 கிகாபாஸ்கல். விமானத் துறையில் பரவலாகப் பயன்படும் ஐஎம்7 என்ற இழைக்கும் வலிமை அதே அளவுதான். விறைப்போ சுமார் 276. வலிமையை விட்டுக்கொடுத்துத்தான் விறைப்பைப் பெற முடியும் என்ற பழைய கட்டாயத்தை வெள்ளை நூலை மாற்றியே தளர்த்திக் காட்டினார்கள்.

இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது? 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனை அளந்தபோது வலிமை 130 கிகாபாஸ்கல் என்று தெரியவந்தது. டி1100 போன்ற 7 கிகாபாஸ்கல் இழை அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் எட்டியிருக்கிறது. மூல இழையில் உழைப்பவர்களுக்கு இந்த இடைவெளி ஊக்கம் தரக்கூடியது.

விமானத்துக்கு வலிமை வேண்டும், பணம் இரண்டாம் பட்சம். காருக்கும் காற்றாலைக்கும் அப்படி இல்லை. கார்பன் இழையின் உற்பத்திச் செலவில் ஏறத்தாழ பாதி மூல இழைக்கே போகிறது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு கிலோ இழைக்கு இரண்டு கிலோ பான் நூல் வேண்டும். இருபது சதவீதக் கரைசலில் நூற்றால், ஒவ்வொரு கிலோ பானுக்கும் நான்கு கிலோ கரைப்பானைப் பிரித்து, காய்ச்சி வடித்து, மறுபடி பயன்படுத்தியாக வேண்டும். அக்ரிலோநைட்ரைலின் விலை பெட்ரோலிய விலையோடு ஏறி இறங்கும்.

இங்கேதான் ஸ்வெட்டர் நூலுக்கு மறுபடியும் மரியாதை வந்தது. சோல்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் 1995இல் ஹங்கேரியின் மக்யார் விஸ்கோசா என்ற பழைய நூலாலையை வாங்கியது. துணிக்கான அக்ரிலிக் நூற்கும் அந்தப் பெரிய எந்திரங்களைக் கொண்டே கார்பன் இழைக்கான மலிவான மூல இழையைத் தயாரித்தது. ஒரு கட்டில் ஐம்பதாயிரம் இழைகள். வலிமை விமான ரகத்தைவிடக் குறைவு, காற்றாலை இறக்கையின் முதுகுத்தண்டுக்குப் போதுமானது. உயர்தர இழையில் முதலிடம் வகித்த டோரேவே 2014இல் சோல்டெக்கை வாங்கிக்கொண்டது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2013இல் ஆண்டுக்கு 25 டன் திறனுள்ள சோதனை ஆலையைத் திறந்து, துணிரக அக்ரிலிக்கைக் கார்பன் இழையாக்கும் முறையை வளர்த்தது. செலவை ஏறக்குறையப் பாதியாக்கலாம் என்று சொல்லி, 2016இல் அதற்கு உரிமம் வழங்கத் தொடங்கியது.

பானையே விட்டுவிடலாமா என்றும் பலர் முயன்றார்கள். பிளாஸ்டிக் பைகளின் பாலிஎத்திலீனில் 86 சதவீதம் கார்பன். விலை மலிவு, உருக்கியே நூற்கலாம், கரைப்பான் வேண்டாம். ஆனால் சுமார் 130 டிகிரியிலேயே உருகிவிடும் நூலை உலைக்குள் அனுப்ப முடியாது. சூடான கந்தக அமிலத்தில் ஊறவைத்துச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்க வேண்டும். அமிலம் நூலுக்குள் ஊடுருவ நேரம் பிடிக்கிறது, பிறகு கந்தக வாயுக்களைக் கையாள வேண்டும். காகித ஆலைக் கழிவான லிக்னினை ஜப்பானின் நிப்பான் கயாகு நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலேயே இழையாக்கி விற்றுப் பார்த்தது. அது நீடிக்கவில்லை. மரத்துக்கு மரம், ஆலைக்கு ஆலை மாறும் கலவை லிக்னின். அதில் நேரான நீண்ட சங்கிலியும் கிடையாது. வலிமை ஒரு கிகாபாஸ்கலை ஒட்டியே நின்றுவிடுகிறது. பெட்ரோலியத் தாரிலிருந்து லெனார்ட் சிங்கர் 1970களில் உருவாக்கிய திரவப்படிக இழை மட்டும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்தது. விறைப்பு 900 கிகாபாஸ்கலைத் தாண்டும், வெப்பத்தைச் செம்பைவிட நன்றாகக் கடத்தும் ரகங்களும் உண்டு. செயற்கைக்கோள்களுக்கு அது உகந்தது. ஆனால் எளிதில் ஒடியும், விலையும் அதிகம்.

ஆகவே பானை விடாமல், அது பிறக்கும் வழியை மாற்றும் முயற்சி வலுப்பெற்றிருக்கிறது. இன்று அக்ரிலோநைட்ரைலை புரொபிலீன், அம்மோனியா, காற்று மூன்றையும் வினையூக்கியின் மேல் செலுத்தித் தயாரிக்கிறார்கள். 1960இல் சோஹையோ நிறுவனம் தொடங்கிய முறை அது. 2017இல் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் குழு, சர்க்கரையை நொதிக்கவைத்துப் பெறக்கூடிய 3-ஹைட்ராக்ஸிபுரோபியானிக் அமிலத்தின் எஸ்டரிலிருந்து 98 சதவீதம் வரை அக்ரிலோநைட்ரைல் பெற்றதாக அறிவித்தது. இந்த வழியில் ஹைட்ரஜன் சயனைடு துணைப்பொருளாக உருவாவதில்லை. மூலக்கூறு அதேதான் என்பதால், இன்றுள்ள நூற்பாலைகளும் உலைகளும் அதை மாற்றமின்றி ஏற்கும்.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. தேஜஸ் போர் விமானத்தின் உடற்கூட்டில் எடைக்கணக்கில் 45 சதவீதம் கூட்டுப்பொருள்கள், பெரும்பாலும் கார்பன் இழையாலானவை. உயர்ரக இழை ஏவுகணைக்கும் யுரேனியம் செறிவூட்டும் சுழல்கலனுக்கும் பயன்படும் என்பதால், அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. கேட்டவுடன் யாரும் விற்றுவிட மாட்டார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வான்வெளி ஆய்வகம், உலையை மட்டும் கட்டாமல், பாலிமரைத் தயாரிப்பதிலிருந்தே தொடங்கித் தன் கார்பன் இழை நுட்பத்தை வளர்த்தது இந்தச் சூழலில்தான். அது சரியான முடிவு. வெள்ளை நூலை வாங்கி வந்து கறுப்பாக்கும் நாடு, நூல் நின்ற நாளில் உலையையும் நிறுத்த வேண்டியிருக்கும். 2022இல் ரிலையன்ஸ் நிறுவனம் குஜராத்தின் ஹசிராவில் ஆண்டுக்கு 20,000 டன் கார்பன் இழை ஆலையை அறிவித்தபோதும், அதன் தொடக்கப் பொருளாகச் சொல்லப்பட்டது அக்ரிலோநைட்ரைல். நூற்கும் தொட்டியின் குளிர்ச்சியும், கரைசலின் தூய்மையும், சங்கிலியில் இட்டகோனிக் அமிலம் அமரும் இடமும் இனி குஜராத்திலும் கற்றுத் தேற வேண்டிய பாடங்கள். டோரே அவற்றை அரை நூற்றாண்டாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.